குளிர்காலம் அடையாளம் ஆகாது

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காட்டுக் காளான் பறிப்பைக் கற்பிக்கும் கையேடுகளிலும் பயிற்சி வகுப்புகளிலும் ஒரு கருத்து ஏறத்தாழ எதிர்ப்பே இன்றி நிலைபெற்றிருக்கிறது. இலையுதிர்காலத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் ஒரே நேரத்தில் முளைத்து ஒன்றோடொன்று மயங்குவதால் புதியவர் தடுமாறுவது இயல்பு என்றும், உறைபனி விழத் தொடங்கிய பின் காட்டில் தாக்குப்பிடிப்பவை விரல்விட்டு எண்ணத்தக்க சில இனங்களே ஆதலால் அக்காலத்தில் பிழை நேர இடமில்லை என்றும், அந்நாள்களில் பட்ட மரத்தில் கொத்தாக முளைத்திருக்கும் ஆரஞ்சு நிறக் காளான் ஒன்றைக் கண்டால் அது வெல்வெட் ஷாங்க் எனப்படும் குளிர்காலக் காளானைத் தவிர வேறாக இருக்க முடியாது என்றும் அக்கருத்து கூறுகிறது. இம்மூன்று கூற்றுகளில் முதலாவது உண்மை; இரண்டாவது பாதி உண்மை; மூன்றாவது ஆளைக் கொல்லக்கூடிய பிழை.

வெல்வெட் ஷாங்கின் அறிவியல் பெயர் ஃபிளாமுலினா வெலூட்டிப்பெஸ். லண்டன் சுற்றுவட்டாரத் தாவரங்களைப் படங்களுடன் பதிவு செய்த வில்லியம் கர்ட்டிஸ் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இதை விவரித்தார். ரோல்ஃப் சிங்கர் 1951இல் இதை இன்றைய பேரினத்தில் சேர்த்தார். எல்ம், ஆஷ், பீச், வில்லோ முதலிய அகன்ற இலை மரங்களின் பட்ட அடிமரங்களிலும் விழுந்த கிளைகளிலும், பிரிட்டனில் கோர்ஸ் என்னும் முட்புதரின் தண்டுகளிலும், பெரும்பாலும் அக்டோபர் முதல் மார்ச் வரை இது முளைக்கிறது. தொப்பி நடுவில் ஆரஞ்சுப் பழுப்பாகவும் விளிம்பை நோக்கி மஞ்சளாகவும் இருக்கும். ஈரத்தில் பிசுபிசுத்து மினுங்கும். தொப்பியின் அடியில் ஆரங்களாக விரியும் மெல்லிய தகடுகளான செவுள்கள் வெளிறிய மஞ்சளாக இருந்து கடைசிவரை அவ்வாறே நிற்கும். காம்பில் வளையம் கிடையாது. முதிர்ந்த காம்பின் கீழ்ப்பகுதி கரும்பழுப்பாகி, விரலால் வருடினால் தெரியும் அளவுக்கு நுண்மயிர் போர்த்திருக்கும்.

இக்காளான் குளிரைத் தாங்கும் விதம் வியப்புக்குரியது என்பதை மறுப்பதற்கில்லை. பெரும்பாலான காளான்களின் சதை உறைந்து உருகியதும் கூழாகிவிட, இதுவோ கல்லாக உறைந்து கிடந்துவிட்டு, வெயில் ஏறியதும் இளகி, விட்ட இடத்திலிருந்து ஸ்போர்களை, அதாவது விதையின் வேலையைச் செய்யும் நுண்துகள்களை, மீண்டும் உதிர்க்கத் தொடங்குகிறது. பனிப்படிகங்களோடு பிணைந்து அவை பெருகாமல் தடுக்கும் புரதங்கள் இப்பேரினத்தின் காளான்களில் கண்டறியப்பட்டுள்ளன. இதன் நெருங்கிய கிழக்காசிய உறவே எனோக்கி என்ற பெயரில் சென்னை போன்ற நகரங்களின் பெரிய கடைகளில் பிளாஸ்டிக் உறையில் வெள்ளை நூல்கற்றை போலக் கிடைப்பது. இருட்டிலும் குளிரிலும் கரியமில வாயு மிகுந்த காற்றிலும் புட்டிகளில் வளர்க்கப்படுவதால் அதன் காம்பு நீண்டு, தொப்பி சிறுத்துப் போகிறது. வெண்மைக்காகவே தேர்ந்தெடுத்த வகைகள் அங்குப் பயிராகின்றன. கடையில் எனோக்கி வாங்கிப் பழகியவருக்கு அந்தப் பழக்கம் காட்டில் எள்ளளவும் உதவாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். இரண்டையும் அருகருகே வைத்தால் உறவு தெரியாது.

ஆயினும் ஒரு காளான் குளிரைத் தாங்குகிறது என்பதிலிருந்து, குளிரில் காணப்படுவதெல்லாம் அந்தக் காளான்தான் என்ற முடிவு பிறக்காது. மேற்சொன்ன கருத்தின் அடிப்படைக் குறையே இதுதான். பருவம் என்பது காளானின் உடலில் உள்ள பண்பு அன்று. அதைப் பறிப்பவரின் நாள்காட்டியில் உள்ள செய்தி. எந்தக் காளானை எதிர்பார்க்கலாம் என்பதை நாள்காட்டி சொல்லும். கையில் இருப்பது எது என்பதைச் சொல்லாது. எதிர்பார்ப்புக்கும் அடையாளத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டைக் கற்பிக்க வேண்டிய நூல்களே அதை அழித்து எழுதுகின்றன என்பதுதான் வருந்தத்தக்கது.

குளிர்காலம் என்ற சொல்லும் எல்லா ஊரிலும் ஒரே நிலையைக் குறிப்பதில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் சனவரி மாதம் காடு இரும்பாக இறுகிக் கிடக்கும். அங்குப் புதிதாக எதுவும் முளைக்க வழியில்லை. கலிபோர்னியக் கடலோரத்திலோ மழை தொடங்குவதே நவம்பரை ஒட்டித்தான். திசம்பர், சனவரி, பிப்ரவரி ஆகியவையே அங்குக் காளான்களின் முதன்மைப் பருவம். உறைபனி கடுமையாக விழும் நிலப்பகுதியை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட ஒரு வாக்கியம், குளிர்காலமே காளான்காலமாக இருக்கும் கடலோரத்துக்குப் போய்ச் சேரும்போது அது தவறான வழிகாட்டியாகிவிடுகிறது. பிரிட்டனிலும் மென்மையான குளிர்காலங்களில் இலையுதிர்காலம் எப்போது முடிந்தது என்று கோடு போட்டுக் காட்ட யாராலும் முடியாது. வெல்வெட் ஷாங்க் முளைக்கத் தொடங்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே இலையுதிர்கால இனங்கள் இன்னும் மரத்தில் இருக்கின்றன. போதாததற்கு, குளிர் என்பது குளிர்பதனப் பெட்டியின் வேலையையும் செய்கிறது: இலையுதிர்காலக் கடைசியில் முளைத்த ஒன்றை அழுகவிடாமல் சில வாரங்கள் அப்படியே நிறுத்திவைக்கிறது. பனிமூடிய கட்டையில் நிற்பது பனியில் முளைத்தது என்று எடுத்துக்கொள்ளப் போதிய காரணம் எதுவும் இல்லை.

அவ்வாறு நிற்கக்கூடியவற்றுள் ஒன்றுதான் கேலெரினா மார்ஜினாட்டா. சிறிய பழுப்பு நிறக் காளான், பார்வைக்கு எளியது. தொப்பி பொதுவாக 1 முதல் 4 சென்டிமீட்டர். ஈரமாக இருக்கையில் தேன் நிறம் முதல் ஆரஞ்சுப் பழுப்பு வரை, காயும்போது நடுவிலிருந்து வெளுத்து மங்கிய மஞ்சள். இவ்வாறு நீர் ஊறுவதையும் வற்றுவதையும் பொறுத்து நிறம் மாறும் தன்மை பல சிறு காளான்களுக்கு உண்டு. இதனால்தான் நிறத்தை முதற்சான்றாகக் கொள்வது காளானியலில் பெரும்பிழை எனப்படுகிறது. இதன் காம்பில் மெல்லிய சவ்வு வளையம் ஒன்று இருக்கும், இருந்தால். ஊசியிலை மரங்களின் மட்கிய கட்டைகளை இது மிகவும் விரும்பினாலும் அகன்ற இலை மரங்களிலும் தாராளமாக வளர்கிறது. மண்ணில் புதைந்த மரத்துண்டுகளிலிருந்து முளைத்துத் தரையில் நிற்பது போலவும் தோன்றும்.

இதில் உள்ள நஞ்சு, உலகில் காளான் சாவுகளில் பெரும்பகுதிக்குக் காரணமான அமனிட்டா ஃபலாய்டிஸ் என்னும் சாவுத் தொப்பிக் காளானில் உள்ள அதே அமடாக்சின் தொகுதி. அவற்றுள் முதன்மையான ஆல்ஃபா அமனிட்டின், உயிரணுக்களில் மரபுச் செய்தியைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 என்னும் நொதியைப் பிணைத்து முடக்குகிறது. படியெடுப்பு நின்றால் புரத உருவாக்கம் நிற்கும். ஓயாமல் புரதம் உருவாக்கும் கல்லீரல் அணுக்கள் பெருமளவில் மடியும். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் அளவே உயிருக்கு ஆபத்தானது எனக் கருதப்படுகிறது. வேகவைத்தாலும் உலர்த்தினாலும் உறைய வைத்தாலும் இந்நஞ்சு சிதைவதில்லை. கசப்போ நெடியோ கொண்டு அது தன்னைக் காட்டிக்கொடுப்பதும் இல்லை. கசக்கினால் மாவு வாசனை வருவதுண்டு, அவ்வளவே. நச்சுக் காளான் கசக்கும், நத்தை தின்றது மனிதருக்கும் ஆகும், வெள்ளிக் கரண்டி கருக்கும் என்பன போன்ற பழைய வழக்குகள் இதனிடம் ஒன்றும் செல்லுபடியாகா.

வெல்வெட் ஷாங்கை எளிதென்பவர்கள் இந்தக் கேலெரினாவை அறியாதவர்கள் அல்லர். அவர்களுடைய நூல்களிலும் அது ஒரு கட்டத்துக்குள், பெரும்பாலும் பக்கத்தின் அடியில், எச்சரிக்கையாக இடம்பெறுகிறது. அவர்களுடைய வாதத்தின் வலுவான வடிவம் இது: பருவத்தை மட்டும் யாரும் நம்பவில்லை, பருவத்தோடு வெல்வெட் காம்பு, வளையம் இன்மை, பிசுபிசுப்பான தொப்பி, அகன்ற இலை மரம், கொத்தாக முளைத்தல் ஆகிய ஐந்தும் சேரும்போது ஐயத்துக்கு இடமில்லை, ஒன்று பொய்த்தாலும் மற்றவை காக்கும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும் இவ்வாதத்தை ஒவ்வொரு அடையாளமாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

வெல்வெட்டிலிருந்து தொடங்கலாம். அந்தக் கரும்பழுப்பு மயிர்ப்போர்வை காளான் பிறக்கும்போதே கூடப் பிறப்பதன்று. இளம் காம்பு மேலிருந்து கீழ்வரை வெளிறிய மஞ்சளாகவே இருக்கும். நிறம் அடியில் தொடங்கி, வயதுக்கேற்ப மெல்ல மேலேறும். ஒரே கொத்தில் அடி கறுத்த மூத்த காம்புகளும் அறவே வெளிறிய இளங்காம்புகளும் சேர்ந்து நிற்பதைக் காணலாம். சமையலுக்கு விரும்பப்படுபவை இளையவை. காம்பு நார்போல் இறுகிய மூத்தவற்றின் தொப்பியை மட்டுமே எடுப்பார்கள். ஆக, தட்டில் விழப்போகும் காளானில்தான் இந்த அடையாளம் மிகக் குறைவாகத் தெரிகிறது. மறுபக்கம், கேலெரினாவின் காம்பும் வயதாகும்போது அடியிலிருந்து மேல்நோக்கிக் கறுக்கிறது. வளையத்துக்குக் கீழே வெள்ளி நிற இழைகள் படிந்திருக்கும். விரலால் வருடத் தெரிந்தவர் மயிர்ப்போர்வையையும் படிந்த இழையையும் வேறுபடுத்திவிடுவார் என்பது மெய்தான். ஆனால் எளிய காளான் என்று யாருக்குச் சொல்லப்படுகிறதோ அந்தப் புதியவருக்கு, வருட வேண்டும் என்பதே தெரியாது. அவர் கறுத்த அடியைப் பார்த்துவிட்டு மனநிறைவோடு கத்தியை எடுப்பார்.

அடுத்து வளையம். வளையம் இருந்தால் அது வெல்வெட் ஷாங்க் அன்று என்ற விதி முற்றிலும் சரியானது. அதைத் தலைகீழாக்கி, வளையம் இல்லாவிட்டால் அது கேலெரினா அன்று என்று கொள்ளும் இடத்தில்தான் கால் சறுக்குகிறது. கேலெரினாவின் வளையம் சிலந்தி வலையைவிடச் சற்றே தடித்த சவ்வு. மழையில் நனைந்து காம்போடு ஒட்டிக்கொள்ளும், பக்கத்துக் காளான் உரசினால் கழன்று விழும், பல வேளைகளில் பழுப்புக் கோடு ஒன்றாகத் தேய்ந்து எஞ்சும், அக்கோடும் இல்லாமற்போவதுண்டு. இருப்பது சான்றாகும் ஒரு பண்பின் இன்மையும் சான்றாகும் என்று கருதுவது தருக்க நூலின் தொடக்கப் பாடத்திலேயே விலக்கப்பட்ட பிழை.

பிசுபிசுப்பான தொப்பி என்னும் மூன்றாவது அடையாளத்தின் வரலாறு இன்னும் சுவையானது. வட அமெரிக்கக் காளானியலாளர்கள் நெடுங்காலமாக கேலெரினா ஆட்டம்னாலிஸ் என்ற தனி இனத்தைப் பிரித்துவைத்திருந்தார்கள். அதை கேலெரினா மார்ஜினாட்டாவிலிருந்து பிரிக்கச் சொல்லப்பட்ட முதன்மைக் காரணமே அதன் தொப்பி ஈரத்தில் பிசுபிசுக்கும் என்பதுதான். 2001இல் குல்டன், டன்ஹம், ஸ்டாக்மன் ஆகியோர் வெளியிட்ட டி.என்.ஏ. ஆய்வு, ஆட்டம்னாலிஸ், ஒரிகோனென்சிஸ், யூனிகலர், வெனெனாட்டா என்று தனித்தனியே பெயர் பெற்றிருந்தவை அனைத்தும் மார்ஜினாட்டாவே என்று காட்டியது. அதாவது, இந்த ஒரே நச்சு இனத்தின் தொப்பி சில இடங்களில் உலர்ந்தும் சில இடங்களில் பிசுபிசுத்தும் இருக்கும். வெல்வெட் ஷாங்கின் தனிச்சிறப்பாகக் கையேடுகள் அடிக்கோடிடும் பண்பு, எந்தக் காளானிடமிருந்து அதைப் பிரிக்க வேண்டுமோ அதனிடமே இருக்கிறது. வெல்வெட் ஷாங்கின் தொப்பித் தோல் தடித்த கூழ்ப்படலமாக உரியும் என்பது உண்மை. ஆனால் அது அளவில் உள்ள வேறுபாடு, அளவு வேறுபாட்டை உணர இரண்டையும் பலமுறை கையாண்டிருக்க வேண்டும்.

மரம், கொத்து ஆகிய இரண்டையும் விரைவாகவே கடந்துவிடலாம். பட்டை முழுதும் உதிர்ந்து, பாசி மூடி, கையால் பிய்த்தால் உதிரும் நிலையிலுள்ள கட்டை எந்த மரத்தினுடையது என்று சொல்வது வனத்துறையில் பழகியவர்களுக்கே கடினம். சொன்னாலும் பயனில்லை, கேலெரினா இருவகை மரத்திலும் வளரும். கொத்தாக முளைப்பதும் இரண்டுக்கும் பொது. உண்மையில் கொத்து என்பது ஆறுதல் தருவதற்குப் பதிலாக அச்சம் தர வேண்டும்: ஒரே கட்டைக்குள் பல பூசணங்களின் இழைகள் எல்லை பிரித்துக்கொண்டு வாழ்கின்றன, அவற்றின் காளான்கள் விரற்கடை இடைவெளியில் வெளிவருகின்றன. அமெரிக்காவின் வடமேற்குக் கடலோரத்தில், மரச்சில்லுகள் பரப்பிய பாத்திகளில் கேலெரினா வேறு பேரினக் காளான்களோடு கலந்து முளைப்பது நன்கு அறியப்பட்ட செய்தி. ஒரு கொத்தில் ஒன்றை ஆராய்ந்துவிட்டு மற்றவற்றை அள்ளிப் பையில் போடுவது, அரிசி மூட்டையில் பதம் பார்க்கும் வழக்கத்தைக் காட்டுக்குக் கொண்டுபோவதாகும்.

ஐந்து அடையாளங்களும் சேர்ந்தால் ஒன்று பொய்த்தாலும் மற்றவை காக்கும் என்ற வாதம், அவை ஒன்றையொன்று சாராமல் தனித்தனியே பொய்க்கும் என்ற கற்பனையின்மேல் நிற்கிறது. அவை அவ்வாறு பொய்ப்பதில்லை. ஒரே காரணத்தால் ஒன்றாகவே பொய்க்கின்றன. திசம்பர் மாத மழை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதே மழை கேலெரினாவின் தொப்பியை ஊறவைத்து ஆரஞ்சு நிறமாக்குகிறது. அதை மினுங்கவும் பிசுபிசுக்கவும் செய்கிறது. வளையத்தைக் கழுவிக்கொண்டு போகிறது. காம்பின் வெள்ளி இழைகளைக் காம்போடு ஒட்டவைத்து அடியைக் கறுப்பாகக் காட்டுகிறது. பல சாட்சிகள் ஒரே குரலில் பேசுவது போலத் தோன்றும் இடத்தில் பேசுவது மழை ஒன்றுதான். எந்த நாளில் காளான் நன்றாக முளைத்திருக்கும் என்று பறிப்பவர் புறப்படுகிறாரோ, அதே நாளில்தான் அடையாளங்கள் கூட்டாகக் கைவிடுகின்றன. இக்காளானை அறிவது எளிது என்னும் எளிமைக் கொள்கையை ஆதரித்து எழுதியவர்கள் இந்தக் கூட்டுத் தோல்வியைக் கணக்கில் எடுக்கவே இல்லை என்பது அதன் மிகப்பெரிய குறை.

ஆண்டுதோறும் எத்தனையோ பேர் இந்தக் காளானைப் பறித்து உண்கிறார்கள், அவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை என்பது அடுத்த மறுமொழி. நேரவில்லை என்பது உண்மை. குளிர்காலத்தில் கட்டையில் நிற்கும் ஆரஞ்சுக் காளான்களில் பெரும்பாலானவை வெல்வெட் ஷாங்க்தான் என்பதையே அது காட்டுகிறது. அவற்றை அடையாளம் கண்ட முறை சரியானது என்பதைக் காட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பறித்தாலும் பெரும்பாலான ஆண்டுகளில் அதே முடிவுதான் கிடைக்கும். சென்ற ஆண்டு உண்டது நன்றாக இருந்தது என்ற செய்தி சென்ற ஆண்டுக் காளானைப் பற்றியது. இவ்வாண்டு கட்டையில் நிற்பது அந்த நற்சான்றுக்கு உரியது அன்று. பிழையின் விலை வயிற்றுவலியோடு முடியுமானால் இத்தகைய நிகழ்தகவுக் கணக்கு போதும். கல்லீரல் செயலிழப்பு அதன் விலையாக இருக்கும்போது, அரிதாக நேரும் என்பது ஆறுதல் ஆகாது.

அதிலும் அமடாக்சின் நஞ்சு செயல்படும் கால ஒழுங்கு, பட்டறிவிலிருந்து பாடம் கற்கும் வழியையே அடைத்துவிடுகிறது. உண்ட பின் 6 மணி நேரத்திலிருந்து ஏறத்தாழ ஒரு நாள்வரை எந்தத் தொல்லையும் இருக்காது. அதற்குள் அதே கொத்தின் மிச்சத்தை அடுத்த வேளைக்கும் சமைத்துவிட முடியும். பிறகு கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும். அதன் பின்னர் நோயாளி தேறிவிட்டதாகத் தோன்றும் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கிறது. இந்த இடைக்காலத் தெளிவை நம்பி மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. சிறிதளவு தின்று பார்த்துவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தால் போதும் என்ற நாட்டுப்புறச் சோதனை இதன்முன் வெறும் சடங்கு.

இவ்வளவுக்கும் பிறகு, அடையாளம் காணவே முடியாதா என்ற கேள்வி எழலாம். முடியும், அதுவும் அரிய கருவிகள் எவையும் இல்லாமல். பொருந்தும் அடையாளங்களை அடுக்குவதை விட்டுவிட்டு, ஆபத்தான மாற்றை விலக்கும் அடையாளத்தை முதலில் தேட வேண்டும். அத்தகைய அடையாளம் ஸ்போர்களின் நிறம். வெல்வெட் ஷாங்கின் ஸ்போர் வெள்ளை. கேலெரினாவின் ஸ்போர் துருப்பழுப்பு. மழை அதை மாற்றாது, வயது மாற்றாது, மரமும் மாற்றாது. குளிர்காலம்வரை கட்டைகளில் தங்கும் மற்றச் சிறு காளான்களையும் இதுவே வடிகட்டுகிறது: ஹைஃபோலோமா ஃபசிகுலாரே என்னும் கந்தகமஞ்சள் கொத்துக் காளானின் ஸ்போர் ஊதாப்பழுப்பு, மரச்சில்லுகளில் குளிர்காலத்திலும் மலிந்து கிடக்கும் டுபேரியா ஃபர்ஃபுரேசியாவின் ஸ்போர் பழுப்பு.

காட்டிலேயே இதன் முதல் தடயத்தைக் காணலாம். கொத்தில் மேலுள்ள தொப்பி கீழுள்ள தொப்பிமீது ஸ்போர்களைச் சொரிவதால், கீழ்த்தொப்பியின் மேற்பரப்பில் வெண்பொடி படிந்திருக்கிறதா, துருநிறப் பொடி படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அங்குத் துரு நிறம் தெரிந்தால் அத்துடன் ஆய்வு முடிந்தது. வீட்டில் செய்யும் சோதனை ஸ்போர்ப் பதிவு எனப்படும். விரிந்த தொப்பியின் காம்பை நறுக்கிவிட்டு, செவுள்கள் கீழ்நோக்கி இருக்குமாறு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, காற்றடிக்காமல் ஒரு கிண்ணத்தால் மூடி, ஓர் இரவு விட்டுவிட்டால், செவுள்களின் கோடுகள் அப்படியே பொடியில் வரைந்தது போலக் கண்ணாடியில் விழுந்திருக்கும். கண்ணாடியை வெள்ளைத் தாளின்மேலும் கறுப்புத் தாளின்மேலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டும். நேராக வெள்ளைத் தாளில் எடுத்தால் வெண்பதிவு கண்ணுக்குப் புலப்படாமல், பதிவே விழவில்லை என்று தோன்றும். பதிவு மெலிதாக இருந்தால் துருப்பழுப்பும் வெளிறிய மஞ்சளாக ஏமாற்றும். ஆகவே பொடியைச் சவர அலகால் ஒன்றாகக் கூட்டிக் குவித்தபின்பே நிறத்தைத் தீர்மானிப்பது முறை. இளம் கேலெரினாவின் செவுளும் வெளிறித்தான் இருக்கும் என்பதால், செவுளின் நிறத்தைப் பார்த்து ஸ்போரின் நிறத்தை ஊகிப்பது இச்சோதனையைச் செய்யாததற்குச் சமம்.

வெண்பதிவு கிடைத்தால் கேலெரினா விலகுகிறது. அதனாலேயே வெல்வெட் ஷாங்க் உறுதியாகிவிடவில்லை, ஏனெனில் வெள்ளை ஸ்போர் உடைய மரக்காளான்கள் வேறு பலவும் உள்ளன. அப்போதுதான், ஆபத்தான மாற்று விலகிய பின், வளையம் இன்மையும் மயிர்ப்போர்வையும் உரியும் தோலும் தமக்குரிய இடத்தில் வந்து வேலை செய்கின்றன. அடையாளங்கள் மாறவில்லை, அவற்றின் வரிசைதான் மாறுகிறது. கையேடுகள் இந்தச் சோதனையை வழக்கமாகக் கடைசியில், ஐயம் இருந்தால் செய்க என்ற குறிப்போடு தருகின்றன. ஐயம் வராத மனநிலையை முதல் பக்கத்திலேயே ஊட்டிவிட்டு, ஐயம் வந்தால் என்று கடைசிப் பக்கத்தில் சொல்வதால் யாருக்கு என்ன பயன் என்பதை அவற்றின் பதிப்பாசிரியர்கள்தாம் விளக்க வேண்டும்.

ஒளிப்படத்தைக் கொண்டு பெயர் சொல்லும் கைப்பேசிச் செயலிகளைப் பற்றியும் ஒரு சொல். படத்தில் பதிவது நிறமும் வடிவமும். பிசுபிசுப்பு, மயிர்ப்போர்வை, ஸ்போரின் நிறம் ஆகியவை அதில் வருவதில்லை. எவை மிக எளிதாக மயங்குமோ அவற்றை மட்டும் கொண்டு தீர்ப்பு வழங்கும் கருவி, எளிமைக் கொள்கையின் இயந்திர வடிவமே. 2023இல், செயற்கை நுண்ணறிவால் எழுதப்பட்டு இணையக் கடையில் விற்பனைக்கு வந்த காளான் பறிப்பு நூல்களைக் குறித்து நியூயார்க் காளானியல் சங்கம் எச்சரிக்கை விடுத்தது. மனிதர் எழுதிய நூல்களில் இருந்த அலட்சியத்தைத்தான் அவை பெருக்கித் தருகின்றன என்று சொல்வது கடுமையாக இருக்கலாம், தவறாக இராது.

ஐயத்துக்கே இடமில்லாத இனம் என்ற பேச்சுக்கு அறிவியல் உலகிலிருந்தும் ஆதரவு கிடைப்பதில்லை. ஃபிளாமுலினா வெலூட்டிப்பெஸ் என்று ஒரே பெயரால் வழங்கப்பட்டவை கடந்த அரை நூற்றாண்டில் பல இனங்களாகப் பிரிந்துவிட்டன. ஐரோப்பாவில் ஃபிளாமுலினா எலாஸ்டிகா, ஃபிளாமுலினா ஃபென்னே ஆகியவை தனித்து நிற்கின்றன. ரெட்ஹெட், பீட்டர்சன் ஆகிய இருவரும் 1999இல் பாப்புலஸ் பேரின மரங்களில் வளரும் ஃபிளாமுலினா பாப்புலிகோலாவையும் ஃபிளாமுலினா ரோசிகாவையும் விவரித்தார்கள். உலகெங்கும் எனோக்கியாக விற்கப்படும் பயிர்க்காளானும் 2018இல் ஃபிளாமுலினா ஃபிலிஃபார்மிஸ் என்ற வேறு இனமாக உயர்த்தப்பட்டது. இவற்றைப் பிரிக்க ஸ்போரின் நீள அகலத்தை நுண்ணோக்கியில் அளக்க வேண்டும், சிலவற்றுக்கு டி.என்.ஏ. வரிசையும் வேண்டும். உண்பவருக்கு இவ்வேறுபாடுகளால் தீங்கில்லை என்பதால் இதைப் பெரிதுபடுத்துவதற்கில்லை. ஆனால் ஆய்வகத்தில் பத்தாண்டுகள் செலவிட்டவர்களே எந்த வெலூட்டிப்பெஸ் என்று கேட்டு நிற்கும் ஒன்றை, காட்டுக்குள் முதல்முறை வருபவர் பத்தடித் தொலைவிலிருந்தே அறிந்துகொள்ளலாம் என்று சொல்வதில் உள்ள துணிச்சல் கவனிக்கத்தக்கது.

இதற்கு மறுகோடியில் நின்று, நுண்ணோக்கி இல்லாதவர் காட்டுக் காளானைத் தொடவே கூடாது என்று விதிப்பவர்களும் உண்டு. அவ்விதியும் ஏற்கத்தக்கதன்று, ஓர் இரவும் ஒரு கண்ணாடித் துண்டும் செய்யக்கூடிய வேலையை அது நிபுணர்களின் தனியுரிமையாக்குகிறது. தவிர, எதுவும் கூடாது என்று மட்டும் சொல்லப்பட்டவர், என்றேனும் ஒருநாள் அந்தத் தடையை மீறும்போது, மீறத் துணிவு மட்டும் உடையவராகவும் சோதிக்கத் தெரியாதவராகவும் இருப்பார்.

நடைமுறையில் எஞ்சும் சிக்கல் ஒன்று உண்டு. பனியில் பலமுறை உறைந்து உருகிய மிக முதிர்ந்த தொப்பிகளும், இன்னும் விரியாத மொட்டுகளும் ஓர் இரவு அல்ல, இரண்டு இரவுகள் காத்திருந்தாலும் பதிவு தருவதில்லை. இந்நிலையில் பக்கத்துத் தொப்பியின் பதிவைக் கொண்டு இவற்றுக்கும் பெயரிடுவதே பரவலான வழக்கம். கலந்து முளைக்கும் கட்டைகளைப் பற்றி மேலே சொன்னதை ஏற்பவர் அவ்வழக்கத்தை ஏற்க முடியாது. தனக்கென்று மறுக்கவியலாத அடையாளம் ஒன்றைத் தராத ஒவ்வொரு மொட்டும் பெயரற்றதாகவே கருதப்பட்டு, கொத்தின் எஞ்சிய பகுதி எவ்வளவு நம்பகமானதாக இருந்தாலும், சட்டிக்குப் போகாமல் கட்டைக்கே திரும்ப வேண்டும்.